இரண்டு தட்டு, ஓர் எட்டிப்பார்வை

ஒரு டீக்கடையில், பலர் கேட்க, நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு வெல்டரின் வலது கண் போயிற்று. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. அன்று அந்தக் கடையில் இருந்தவர்களில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்து ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தவன் நான். காலாட்படையில், மார்ட்டர் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். மார்ட்டர் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லாத ஆயுதம். ஓர் இரும்புக் குழாய், அதைத் தாங்க இரண்டு கால், தரையில் பதிய ஒரு கனத்த தட்டு. குண்டைக் குழாயின் வாய் வழியாக உள்ளே விட வேண்டும். அது வழுக்கிக்கொண்டு போய் அடியில் இருக்கும் ஊசியில் மோதும். மோதியதும் வந்த வழியே சீறி வெளியேறி, வானத்தில் வளைந்து, குன்றுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பவன் மேல் விழும். சில சமயம் உள்ளே போன குண்டு வெளியே வராது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். விலகி நில். காத்திரு. எக்காரணம் கொண்டும் முகத்தைக் குழாயின் வாய்க்கு மேலே கொண்டுபோகாதே. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த சுபேதாருக்கு வலது கையில் சில விரல்கள் கிடையாது. அந்தக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார். அதற்குமேல் எதையும் விளக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியானேன். என்னைப் போன்றவர்களுக்கு இந்த வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கிற வேலை அது. ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவையும் திறக்கச் சொல்வோம். திறந்து காட்டுகிறவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையை நான் பார்ப்பேன், அவர்கள் பஸ்ஸைப் பார்ப்பார்கள். 'மேஜர் சார்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அதில் மரியாதையைவிட ஒருவன் மற்றவனுக்குக் கொடுக்கும் எச்சரிக்கையே அதிகம். மேஜர் சார் நிக்கிறாரு, பாத்துப் போ.

அப்படி இருந்தபோதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

எல்லைப் போர் பற்றிய படம். எல்லைக்குப் போகச் செலவாகும் என்று, தொழிற்பேட்டையில் யாரும் இன்னும் கட்டடம் எழுப்பாத ஒரு பெரிய மனையை எடுத்திருந்தார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி, மண்ணைக் கொட்டிக் குன்றாக்கி, மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்; போர் நின்றுவிடும். ராணுவ ஆலோசகராக இருக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். இருக்கிறேன் என்றேன். மார்ட்டர் வேண்டும், யாரைக் கேட்கலாம் என்றார்கள். வெல்டரைக் காட்டினேன்.

வெல்டர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும். சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குத் தள்ளுவண்டி, இரும்புத் தட்டுகள் எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கேட்டுக்குச் சரக்கு கொண்டுவருவார். என்னோடு தயங்காமல் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். நான் தாளில் வரைந்து காட்டிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, போர் போடற பைப்புக்கு ஸ்டாண்டு வெச்ச மாரி கீது?”

“இதுதான்யா மார்ட்டர்.”

“இத்த வெச்சினா சண்ட போட்டீங்க? மின்னாடியே சொல்லியிருந்தா நானே டஜன் கணக்குல செஞ்சி பார்டருக்கு அனுப்பியிருப்பேனே.”

மூன்று செய்து கொடுத்தார். பச்சை பெயின்ட் அடித்து, கால்களை மடக்கி விரிக்கும்படி அமைத்து, பார்க்க அசல் மாதிரியே இருந்தன. ஒன்றில் பற்றவைத்த தழும்பு கேமராவுக்குத் தெரிகிறது என்று ஆர்ட் டைரக்டர் ஒதுக்கிவிட்டார். அது வெல்டரின் கொட்டகையிலேயே தங்கியது.

படத்தில் ஒரு காட்சி. கதாநாயகன் குண்டைக் குழாய்க்குள் விடுகிறான். அது வெளியே வரவில்லை. எதிரிகள் நெருங்குகிறார்கள். அப்போது என்ன செய்வான் என்று டைரக்டர் கேட்டார். சின்னப் பையன், பணிவானவர்.

“எல்லாரும் விலகிடுவாங்க தம்பி. காத்திருப்பாங்க. அப்புறம் ஒருத்தர் பக்கவாட்டுல நின்னு குழாயத் தட்டி, சிக்கினது விடுபடுதான்னு பார்ப்பாங்க.”

“காத்திருந்தா ஆடியன்ஸ் செல்போன கையில எடுத்துடுவான் சார்.” கொஞ்ச நேரம் யோசித்தார். “தட்டறதுன்னு சொன்னீங்களே, அது நல்லாருக்கு. எத்தன தட்டு?”

“ரெண்டு,” என்றேன். அதில் எந்தக் கணக்கும் இல்லை. வாயில் வந்தது.

“ரெண்டு தட்டு. தட்டிட்டு உள்ள எட்டிப் பாக்கறாரு. லேசா ஒரு சிரிப்பு. தலைய எடுக்கறாரு, டமால்!”

“அது சாவு தம்பி,” என்றேன்.

“படம் சார்.”

ஒரு தடவைதான் சொன்னேன். அதோடு விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்கவும் இல்லை. நடிகருக்கு அந்தத் தட்டு சரியாக வரவில்லை. கதவைத் தட்டுவதுபோல் தட்டினார். “சார், நீங்களே ஒருதரம் செஞ்சு காட்டுங்களேன்,” என்றார்கள். வெற்றுக் குழாய்தானே என்று போய் நின்றேன். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன். குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். சிரித்தேன். மொத்தக் கூட்டமும் கைதட்டியது. விசில் அடித்தார்கள். நடிகர் என் சிரிப்பையே பிடித்துக்கொண்டார். திரையில் நீங்கள் பார்த்திருந்தால், அந்தச் சிரிப்பு என்னுடையது.

மார்ட்டரைத் திரையில் காட்டும்போது பொய் சேராமல் இருந்து நான் பார்த்ததில்லை. குண்டு விழுந்த இடத்தில் பெட்ரோல் கொட்டியதுபோல் செந்தீ எழும். நிஜத்தில் சாம்பல் நிற மண்தான் எழும், ஒரு நொடியில் அடங்கிவிடும், அதற்குள் யார் இல்லை என்பது தெரிந்துவிடும். திரையில் விசில் சத்தம் நீளமாக வரும், ஆட்கள் குதித்து ஒளிய நேரம் இருக்கும். ராணுவத்தில் இருந்த நாட்களில் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பொய்யான தீ யாரையும் சுடாது என்று நினைத்தேன்.

படம் தியேட்டரைவிட்டுச் சீக்கிரம் போய்விட்டது. பிறகு செல்போனில் வந்தது. செல்போனில்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் பார்த்தார்கள். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்து, ஒரு ரூமுக்கு ஆறேழு பேராகத் தங்கி வேலை செய்கிறவர்கள் அவர்கள். அந்த ஒரு காட்சி மட்டும் தனியாக வெட்டப்பட்டு, பாட்டுச் சேர்க்கப்பட்டு, கைக்குக் கை போனது.

நான் பொய் சொன்ன டீக்கடை வெல்டரின் கொட்டகைக்கு எதிரில் இருக்கிறது. அன்று காலை ஷிப்டு விட்ட நேரம். நான் உள்ளே நுழைந்தபோது வெல்டரின் செல்போனைச் சுற்றிக் கூட்டம். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், லேத் ஆபரேட்டர், தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தான்.

“எண்ணே, இதெல்லாம் சும்மா படத்துக்கு. வெடிக்காத வெடிக்குள்ள எவனாவது மூஞ்சியக் கொண்டுபோய் வைப்பானா? எங்கூர்ல கோயில் கொடைக்கு வேட்டுப் போடுதவன் பக்கத்துலயே போவமாட்டான்.”

“உங்கூரு வேட்டு வேற, மிலிட்டரி வேற,” என்றார் வெல்டர். “தோ, சாரே வந்துட்டாரு. சார் கைல கேட்டுக்கினா போச்சி. சார், இன்னா சொல்றீங்க? நெசத்துலயும் இப்டித்தானா?”

செல்போனில் படம் நிறுத்தப்பட்டிருந்தது. ராணுவ ஆலோசகர் என்று போட்டு, கீழே என் பெயர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டப்பா திறந்து காட்டும் அதே பையன்கள். இல்லையப்பா, அது தப்பு, இந்தத் தம்பி சொல்வதுதான் சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மிடறு டீ குடிக்கிற நேரம்.

“அப்படித்தான்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பயந்தவனுக்கு அங்க வேலை இல்லப்பா.”

கடையே சிரித்தது. “கேட்டுக்கினியா? வேட்டாம் வேட்டு!” என்று வெல்டர் அந்தப் பையனின் தலையில் செல்லமாகத் தட்டினார். இரண்டு தட்டு. பிறகு அவன் காதுக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி சிரிப்பு. பையனும் சிரித்தான், ஆனால் என்னை ஒரு மாதிரி பார்த்தான். டீ மாஸ்டர் என்னிடம் காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு கேட்டில் எல்லாம் மாறிவிட்டது. டப்பாவைத் திறக்கும் முன் பையன்கள் மூடியை இரண்டு தட்டு தட்டுவார்கள். திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து கேட்டில் அவர்கள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்த ஒப்புதலுக்கு அர்த்தமில்லை.

ஒதுக்கப்பட்ட மார்ட்டர் கொட்டகை வாசலில் நின்றது. ஆயுத பூஜைக்கு கிரைண்டர், வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தபோது வெல்டர் அதற்கும் வைத்தார். பையன்கள் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆடியில் ஊர் அம்மன் கோயிலுக்குக் கூழ் வார்த்தார்கள். சாயங்காலம் அம்மன் புறப்பாட்டுக்கு வாணவெடி விட ஏற்பாடு. வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடி. இரும்புக் குழாய்க்குள் இறக்கி, வெளியே தொங்கும் திரியில் தீ வைக்க வேண்டும்.

ஊரில் எவனுக்கு முதலில் தோன்றியது என்று தெரியவில்லை. பட்டாசுக்காரரின் குழாய் எதற்கு, நம் ஊர் மார்ட்டர் இருக்கிறதே என்றார்கள். விழாக்குழு எனக்குச் சால்வை போட்டு, முன்வரிசையில் நாற்காலி கொடுத்து உட்கார வைத்திருந்தது. பட்டாசுக்காரர் வயதானவர். அவருக்கு அந்தக் குழாய் பிடிக்கவில்லை.

“இது நம்ம வேலைக்கு ஆன குழாய் இல்லப்பா, வேணாம்,” என்றார்.

“மேஜர் சாரே ஒக்காந்துனு கீறாரு. அவுரே ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னா?” என்றார் குழுவில் ஒருவர்.

பட்டாசுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

முதல் வெடி நன்றாகப் போனது. இரண்டாவதும். பொழுது சாயும் நேரம், வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. மூன்றாவதில் திரி புகைந்துகொண்டே உள்ளே போயிற்று. பிறகு ஒன்றும் இல்லை. பட்டாசுக்காரர் கையை விரித்து எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெல்டர் முன்னால் வந்தார். புது வேட்டி. என் பக்கம் திரும்பி ஒரு சல்யூட் அடித்தார். கூட்டம் விசில் அடித்தது.

உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

நான் சிரித்தேன். இதை எத்தனை முறை எனக்குள் திருப்பிப் பார்த்தாலும் அதுதான் நடந்தது. அந்தத் தட்டு என்னுடையது என்ற பெருமையில், அந்த ஒரு கணம், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அடுத்தது என்ன என்பது என் மூளைக்கு எட்டியது. எழுந்தேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் கத்தவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது என்கிறார்கள். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

யாரோ ஒருவர் வெல்டரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்திருக்கிறார். அதனால்தான் உயிர் இருக்கிறது. வெடி அவர் கன்னத்தை உரசிக்கொண்டு போயிற்று. நெருப்பு கண்ணில் பட்டது. அவர் விழவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதியில், தலைக்கு மேலே, வெடி பச்சையும் சிவப்புமாக அழகாக விரிந்தது. கோயிலுக்கு அந்தப் பக்கம் நின்ற குழந்தைகள், ஒன்றும் தெரியாமல், கை தட்டின.

செய்தித்தாளில் இரண்டு வரி வந்தது. கோயில் விழாவில் வெடி விபத்து, ஒருவர் காயம். படத்தைப் பற்றியோ டீக்கடையைப் பற்றியோ ஒன்றும் இல்லை.

சென்னையில் கண் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் வெல்டரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். “அன்னிக்கி டீக்கடையில நீங்க சொன்னத வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. மேஜர் சாரு அப்டித்தான் செய்வாராம்னு. நீங்க அத்தினி வருசம் அதே மாரி பாத்துக்கினு இருந்தீங்களே, ஒங்க கண்ணு எப்டி சார் தப்பிச்சிது?”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஏதாவது சூட்சுமம் இருந்திருக்கும், அதைச் சொல்ல நான் மறந்திருப்பேன் என்று நினைத்தார். தாழ்வாரத்தில் நின்றுகொண்டு என் இரண்டு கண்களாலும் அவரைப் பார்த்தேன். திரும்பி நடந்து பஸ் ஏறினேன்.

வெல்டர் வீடு திரும்பிய பிறகு போய்ச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கண்ணில் கட்டு. உண்மையில் யாரும் அப்படிச் செய்வதில்லை, எனக்கு அது தெரியும், கடையில் பெருமைக்காகப் பொய் சொன்னேன் என்றேன். படப்பிடிப்பில் நடந்ததையும் சொன்னேன். குனிந்து பார்க்கிற நடிப்பே என்னுடையது என்பதையும், அவர் தட்டியபோது நான் சிரித்ததையும் சொன்னேன். வாசலில் யாரோ ஒருவர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார், அது கிளம்பவில்லை.

“டீக்கடையில தான சொன்ன?” என்றார் கடைசியில். அதுவரை என்னை அவர் ஒருமையில் பேசியதில்லை. “எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? டீக்கடையில போயி சொல்லு.”

அதற்குமுன் வேறு சிலவற்றைச் செய்து பார்த்தேன். ஆஸ்பத்திரிச் செலவில் பங்கெடுத்தேன்; அதில் சொல்ல ஒன்றுமில்லை. படக் கம்பெனிக்குப் போனேன். டைரக்டர் எழுந்து நின்று கேட்டார், அவர் கண் கலங்கியது உண்மை. ஆனால் காட்சியை எடுக்க முடியாது என்றார், படம் அவர் கையில் இல்லையாம். “அந்த சீனுக்காகத்தான் சார் இன்னும் பாக்கறாங்க,” என்றார். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்று ஆரம்பத்தில் ஒரு வரி போடப் பார்க்கிறேன் என்றார். போட்டார்களா என்று தெரியாது. இப்போது எந்தப் படத்தில் மார்ட்டர் வந்தாலும் குண்டு எங்கே விழுகிறது என்று நான் பார்ப்பதில்லை. குழாயின் வாய் எங்கே, முகம் எங்கே என்று மட்டும் பார்க்கிறேன். உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது.

ஒரு நாள் ஷிப்டு விடும் நேரம் பார்த்து டீக்கடைக்குப் போனேன். வெல்டரும் வந்து மூலை பெஞ்சில் உட்கார்ந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினேன்.

“நான் இங்க ஒரு பொய் சொன்னேன். வெடிக்காத குண்டுக்குள்ள யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. பார்த்தா போயிடுவாங்க. எனக்கு அது தெரியும். தெரிஞ்சே சொன்னேன். இவருக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம்.”

டீ மாஸ்டர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு,” என்றார். “வெல்டரு அவசரப்பட்டு செஞ்சதுக்கு ஊரு அவர கிண்டல் பண்ணுதுன்னு, பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க பாருங்க.”

“இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன்...”

“மிலிட்டரிக்காரன்னா அப்டித்தான்டா,” என்றான் ஒரு பையன் இன்னொருவனிடம். “கூட வந்தவன வுட்டுக் குடுக்க மாட்டாங்க.”

இன்னும் இரண்டு முறை சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் மரியாதை ஏறிக்கொண்டே போனது. யாரோ கை தட்டினார்கள். ஒருவன் செல்போனில் பதிவு செய்து, அந்தப் படத்தின் இசையையே பின்னால் போட்டு அனுப்பினான். மறுநாள் கேட்டில் ஒருவன் எனக்கே காட்டினான். என்னை நம்பக்கூடிய ஒருவன், அந்தத் தூத்துக்குடிப் பையன், அன்று கடையில் இல்லை. காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இரண்டாவது ஆள் அவன். இன்னும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வெல்டர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். “பாத்தியா சார்? பொய் சொன்னாலும் பேரு உனுக்கு. நெசத்த சொன்னாலும் பேரு உனுக்கு.” பெஞ்சைக் கையால் தடவித் தடவிச் சாலைக்குப் போனார்.

கேட் வேலையை விட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மாலை போட்டு அனுப்பினார்கள்.

சில மாதங்கள் கழித்து அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கொட்டகையில் வேலை அதிகம் இல்லை. அவர் செய்து கொடுத்த தள்ளுவண்டிகள் திரும்பி வந்து ஓரமாகக் கிடந்தன. நாலு சக்கரமும் தரையில் பதியாமல் ஆடுகின்றன என்று ஒரு தொழிற்சாலை அனுப்பிவிட்டிருந்தது. நடுவில் ஸ்டாண்டின் மேல் அந்த மார்ட்டர் குழாய் படுத்திருந்தது, கால்கள் கழற்றப்பட்டு. சாக்பீஸால் சுற்றிலும் கோடு போட்டிருந்தார்.

“ஒத்த கண்ணுல கிட்டக்க எது, தூரம் எதுன்னு தெரில,” என்றார். “நேரா வெட்டறனா, கோணலா வெட்டறனான்னு புரில. பொண்டாட்டிய கேட்டா நேராத்தான் கீதுன்றா. என் தம்பிய கேட்டா நேராத்தான் கீதுன்றான். ஊர்ல எவன கேட்டாலும் நேராத்தான் கீது. அப்பறம் சரக்கு திரும்பி வருது.”

கையில் கட்டிங் மெஷினை எடுத்தார்.

“நீ ஒருதரம் பொய் சொல்லி இன்னா ஆச்சின்னு பாத்தவன். உன்னால இனிமே எங்கிட்ட பொய் சொல்ல முடியாது. நில்லு இங்க. வெட்டினத பாத்து சொல்லு.”

குழாயின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். பச்சைப் பெயின்ட் கருகி நாறியது. தீப்பொறி என் செருப்பில் விழுந்தது. ஒரு வளையம் துண்டாகி விழுந்து உருண்டது. அதை எடுத்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார், ஒரு கண்ணால். அவர் மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றார். நான் என்ன சொல்ல வேண்டும் என்பது அந்த அம்மா கேட்காமலே எனக்குத் தெரிந்தது. நேராத்தான் இருக்கு என்று சொல்ல என் வாய் துடித்தது. அன்று அந்தக் கடையில் இருந்த அதே ஆசை. எதிரில் இருப்பவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை.

“கோணல்,” என்றேன்.

“எவ்ளோ?”

“நல்லாவே கோணல்.”

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வெல்டர் என் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை திட்டினார். பிறகு சாக்பீஸை எடுத்து அடுத்த கோட்டைப் போட்டார்.

அந்தக் குழாய் முழுவதும் வளையங்களாகிவிட்டது. அதற்குப் பிறகு வேறு குழாய்கள். வாரத்தில் சில நாட்கள், நான் குடியிருக்கும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். அவர் வெட்டுகிறார், நான் பார்த்துச் சொல்கிறேன். அவர் மனைவி இப்போது என்னிடம் பேசுவதில்லை. வளையங்கள் கொட்டகையின் மூலையில் குவிந்திருக்கின்றன, ஒன்றுகூட நேராக இல்லை. சமீபத்தில் வெட்டியவற்றில் கோணல் கொஞ்சம் குறைந்திருப்பதுபோல் தோன்றுகிறது. அப்படி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அதனால்தான் இப்போதெல்லாம் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. வெட்டு நேரா கோணலா என்று காட்டும் மூலைமட்டத்தை எடுத்து வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.